புகார் கொடுத்தவரின் பெயர் எங்கே கசிகிறது?

ஊழலை வெளியே சொல்பவரைக் காப்பதற்கென்றே இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற சட்டம் அது. எந்த நாள் முதல் அமலாகும் என்று ஒன்றிய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட வேண்டும். பத்தாண்டுக்கு மேலாகியும் அந்த அறிவிக்கை வரவில்லை. இதற்கிடையில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கல்குவாரி முறைகேட்டைச் சொன்னவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரியில் கருவி இல்லை என்று சொன்ன டாக்டருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

கேரள எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் அருகில் இருக்கும் காரோடு ஊர்க்காரர்களுக்கு இது எங்கோ டெல்லியில் நடக்கும் விவகாரம் அல்ல. கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலை சுமார் 43 கிலோமீட்டர் ஓடி இந்த ஊரில்தான் முடிகிறது. அதில் முக்கோலை முதல் காரோடு வரையிலான பகுதி கான்கிரீட் சாலை. இப்படி ஒரு சாலையில் கான்கிரீட்டின் கனம் எவ்வளவு, ஜல்லி எத்தகையது, சிமெண்ட் எந்த விகிதத்தில் சேர்ந்தது என்பதெல்லாம் ஊற்றிய அன்று அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். மேலே மூடிய பிறகு விரிசல் விடும் வரை வேறு எவருக்கும் தெரிய வழியில்லை. இந்தச் சாலையில் குறை இருப்பதாகச் சொல்ல வரவில்லை. எந்தப் பொதுப்பணியிலும் உண்மை முதலில் தெரிவது தணிக்கைக்காரருக்கு அல்ல, மேஸ்திரிக்கும் சைட் இன்ஜினியருக்கும் லோடு இறக்கிய ஓட்டுநருக்கும்தான். அவர்கள் வாயைத் திறக்கலாமா கூடாதா என்பதில்தான் நம் வரிப்பணத்தின் கதி இருக்கிறது.

கூட்டுறவு வங்கிகளின் கதையும் இதுவே. காரோடு இருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கண்டலா சேவைக் கூட்டுறவு வங்கியில் ரூ.101 கோடிக்கு முறைகேடு நடந்திருப்பதாகக் கூட்டுறவுத் துறை கண்டறிந்தது. 2023 நவம்பரில் அமலாக்கத் துறை சோதனைக்கு வந்தபோது, மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த பணத்தை எடுக்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் அலைந்துகொண்டிருந்தன. திருச்சூரின் கருவன்னூர் வங்கியிலும் முறைகேட்டைத் தொடக்கத்திலேயே சொன்னவர்களில் ஒருவர் அந்த வங்கியில் வேலை பார்த்தவர். ஒரு கிளார்க்கின் பேச்சை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பணம் அது.

நெய்யாற்றின்கரைக்காரரின் தண்டனை

ஊழலைச் சொல்பவரைக் காப்பதா, தண்டிப்பதா என்ற கேள்விக்கு இந்தப் பகுதியின் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் 1878-இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தில் நடந்த முறைகேடுகளை இதழுக்கு இதழ் எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியரைக் கைதுசெய்து, காவலோடு திருவிதாங்கூர் எல்லையைக் கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். விசாரணை கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது, மன்னரின் கட்டளை ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவர் சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை. 1916-இல் கண்ணூரில் காலமானபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இன்று திருவனந்தபுரம் நகரின் நடுவில் அவருக்குச் சிலை இருக்கிறது. கேரள அரசு பத்திரிகையாளர்களுக்குத் தரும் உயரிய விருதில் அவர் பத்திரிகையின் பெயர் இருக்கிறது. எழுதியதற்காக நாடு கடத்தியவர்களை நினைவுகூர்வார் யாருமில்லை. ஆக, இப்படிப்பட்டவர்கள் தேவைதான் என்பதைச் சமூகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான்: அந்தப் பாதுகாப்பு அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, புகார் கொடுத்த அன்றைக்கே கிடைக்க வேண்டும் என்பது.

முதல் மேசையில் நடப்பது

புகார்தாரருக்கு நேரும் கேடு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. அவர் மனுவை வாங்கி வைக்கும் முதல் மேசையில் தொடங்குகிறது. மனுவின் மேலே பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், கைபேசி எண் எல்லாம் இருக்கும். அது 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு ஒரு படி கீழே அனுப்பப்படும். அங்கிருந்து இன்னொரு படி. கடைசியில் யார் மீது புகாரோ, அவருடைய அலுவலகத்துக்கே 'அறிக்கை தருக' என்று போய்ச் சேரும். 'உன் மேலே இன்னார் மனு போட்டிருக்கார்' என்று ஒரு போன் வர அரை நாள் போதும். மிரட்டலும் ஊர்விலக்கும் லாரியும் அதற்குப் பின்னால் வருபவை.

இதற்கு முதல் சாட்சி சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஜார்க்கண்டின் கோடர்மா பகுதியில் வேலை பார்த்த இளம் இன்ஜினியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஒப்பந்தப் பணிகளில் நடக்கும் கொள்ளையைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கே நேராக எழுதினார். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு அமைச்சகத்துக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் போனது. ஓராண்டு கழித்து, 2003 நவம்பர் 27 அன்று, கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நடந்தது வழிப்பறிக் கொலை என்று சி.பி.ஐ. சொன்னது, 2010-இல் நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மாறவில்லை. நாட்டின் மிக உயர்ந்த அலுவலகத்தில் ரகசியம் கேட்ட ஒருவருக்கு அந்த ரகசியம் கிடைக்கவில்லை.

துபேயின் மரணம் கிளப்பிய கொதிப்பில்தான் 2004 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி, பொதுநலன் கருதிய புகார் என்று மேலே எழுதி ஒட்டிய உறையை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயர் உள்ளே இருக்க வேண்டும். ஆணையம் அதை வெளியே விடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஒன்றிய அரசின் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொதுத்துறை வங்கிகளுக்கும் மட்டும்தான். காரோட்டைச் சேர்ந்த ஒருவர் நெடுஞ்சாலை ஆணையத்தைப் பற்றி அந்த வழியில் எழுதலாம். பஞ்சாயத்து ஆபீஸைப் பற்றியோ, வில்லேஜ் ஆபீஸைப் பற்றியோ, கூட்டுறவு வங்கியைப் பற்றியோ எழுத முடியாது. சாமானியர் நித்தமும் முட்டி மோதும் இடங்கள் அத்தனையும் அந்தக் குடைக்கு வெளியே நிற்கின்றன.

அந்தக் குடைக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், தாமிரபரணிக் கரையின் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றி 2023 ஏப்ரல் 13 அன்று போலீஸில் புகார் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அரசு அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் வந்து வெட்டினார்கள். அரசு ரூ.1 கோடி நிவாரணம் அறிவித்தது. ஐந்தே மாதத்தில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. வழக்கை நடத்திய வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த வேகத்தில் பாதியாவது புகாருக்கும் கொலைக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு நாளில் தென்பட்டிருக்க வேண்டும். ஓர் அரசு அலுவலர் தன் கடமையின் பேரில் கொடுத்த புகார் அது. அவருக்கு வாசலில் ஒரு காவலர்கூட நிற்கவில்லை.

அரசு அலுவலருக்கே இந்த நிலை என்றால் தனி ஆளுக்கு என்ன ஆகும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் பார்த்தோம். கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி விடாமல் மனுக் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று பள்ளிவாசலில் தொழுதுவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பும்போது லாரி மோதி இறந்தார். முதலில் விபத்தாகப் பார்க்கப்பட்டது பின்னர் கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்களும் கைதானார்கள். அவர் மனுக் கொடுக்காத அலுவலகம் இல்லை. எந்த அலுவலகமும் அவருக்கு ஆபத்து இருக்கிறதா என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

எல்லைக் கிராமத்தின் இரட்டைச் சிக்கல்

கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குள் போவதை இங்கே பச்சைக் குழந்தையும் அறியும். எதிர்த்திசையிலும் சரக்கு போகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவு திருவனந்தபுரம் மருத்துவமனைகளிலிருந்து வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளம் அதை லாரிகளில் அள்ளித் திரும்ப எடுத்துப் போனது. ஏற்றியவருக்கும் ஓட்டியவருக்கும் இறக்கிய இடத்துக்காரருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் வாய் திறக்க நினைத்திருந்தாலும் எங்கே போவார்? குற்றம் ஒரு மாநிலத்தில், ஆதாயம் இன்னொரு மாநிலத்தில். இங்கே கொடுத்தால் 'அது தமிழ்நாட்டு விஷயம்' என்பார்கள். அங்கே கொடுத்தால் 'வண்டி கேரளப் பதிவு' என்பார்கள். இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் மனு பந்தாக உருளும்போது பெயர் இரண்டு பக்கமும் கசிகிறது.

மொழியும் ஒரு தடை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லையின் இந்தப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. நடைமுறையில் பலர் மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடுகிறார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய புகார், எழுதிக் கொடுப்பவர் காதுக்குப் போன பிறகுதான் அலுவலகத்துக்கே போகிறது.

எதிர்வாதங்கள்

பாதுகாப்புக் கொடுத்தால் பொய்ப் புகார் பெருகும் என்பது முதல் எதிர்வாதம். காழ்ப்பில் மொட்டைக் கடுதாசி போடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நேர்மையான அலுவலர் பலர் அதில் நொந்துபோயிருக்கிறார்கள். ஆனால் தூங்கிக் கிடக்கும் 2014 சட்டமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பெயரில்லாப் புகாரை அது ஏற்பதில்லை. பொய் என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு புகார் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும் உண்டு. புகார்தாரரின் பெயரை வெளியே விடும் அலுவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 வரை அபராதம். இரு பக்கமும் பொறுப்புச் சுமத்திய சட்டத்தை முடக்கி வைத்துவிட்டு, பொய்ப் புகாரைக் கண்டு பயப்படுவதில் நியாயமில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்தது. இருக்கிறார்கள். அவர்களுடைய பிழைப்பு எதில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கையில் இருக்கும் காகிதத்தை அரசிடம் கொடுக்காமல் ஒளித்து வைப்பதில்தான் நடக்கிறது. அதே காகிதத்தை வேறொருவர் பயமில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றே பதிவெண் வாங்க ஒரு வழி இருந்தால், மிரட்டுபவரின் கையிலிருப்பது வெறுங்காகிதம் ஆகிவிடும். நம் அரசுகள் போவது எதிர்த்திசையில். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்ற பெயரில் மறுப்பதை எளிதாக்கிவிட்டார்கள். பொது வழி அடைபட்டால் ஒளிவு வழிக்குத்தான் கிராக்கி.

மூன்றாவது, அலுவலக ஒழுங்கு. உள்ளே இருப்பவர் உள்ளேயே சொல்லாமல் ஊருக்குச் சொல்லலாமா? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. பாறசாலைக்காரருக்கும் நெய்யாற்றின்கரைக்காரருக்கும் பெரிய நோய் என்றால் கடைசிப் புகலிடம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். அங்கே சிறுநீரியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவி இல்லாததால் ஆபரேஷன்கள் தள்ளிப்போகின்றன என்று 2025 ஜூன் இறுதியில் ஃபேஸ்புக்கில் எழுதினார். மேலிடத்தில் சொல்லிப் பார்த்த பிறகுதான் எழுதியதாகச் சொன்னார். சில நாட்களில் கருவி வந்து சேர்ந்தது. அடுத்த மாதக் கடைசியில் அரசு ஊழியர் நடத்தை விதியை மீறினார் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்தது. துறையில் ஒரு கருவியைக் காணவில்லை என்ற பேச்சு கிளம்பியது. பிறகு அது துறையிலேயே இருப்பது தெரிந்தது. உள்ளே சொன்னபோது வராத கருவி வெளியே சொன்னபோது வந்தது என்றால், ஒழுங்கு மீறியது டாக்டரா, உள்ளே இருந்த வழியா?

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் போட்ட சட்டம் இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொள்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் உள்ளுக்குள் ரகசியமாகப் புகார் வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கேயோ அரசு அமைப்பிடமோ சொல்லலாம். குறித்த காலத்தில் பதில் இல்லாவிட்டாலோ பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ வெளிப்படையாகச் சொல்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒழுங்கும் காப்பாற்றப்படுகிறது, நோயாளியும் காப்பாற்றப்படுகிறார்.

இன்னும் ஒரு படி மேலே அமெரிக்கா. அரசை ஏமாற்றியவரைக் காட்டிக்கொடுத்தால், மீட்கும் தொகையில் பங்கு தரும் சட்டம் 1863 முதல் அங்கே இருக்கிறது. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் சோதனை மோசடிகளை வெளியே சொன்ன இந்தியர் தினேஷ் தாக்கூருக்கு, 2013-இல் அந்நிறுவனம் 50 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்தபோது, 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் இந்தியாவிலும் இருந்தார்கள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இங்கே அதையே சொல்லியிருந்தால், 2014 சட்டம் அமலில் இருந்தாலும் அது அவரைக் காத்திருக்காது. தனியார் துறை அதன் வரம்பிலேயே இல்லை. பங்குத் தொகை என்ற ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவருவது உசிதமல்ல என்றே தோன்றுகிறது. போலீஸும் விசாரணையும் இன்றிருக்கும் நிலையில் அது புதுத் தரகர்களை உருவாக்கும். வேலை போகாது, உயிர் போகாது என்ற உறுதி கிடைத்தாலே நம் மக்களில் பலர் பேசுவார்கள்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, 2014 சட்டத்தை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை. அதையும் உள்ளபடியே கொண்டுவர வேண்டும். 2015-இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், புகார்தாரருக்கு அலுவல் ரகசியச் சட்டத்திலிருந்து இருந்த விலக்கைப் பறித்து, பத்து வகைத் தகவல்களைப் பேசவே கூடாதென்றது. 2019-இல் அது காலாவதியானது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்கக் கூடாது. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணம் ராணுவத் தளவாடத்துக்குப் பொருந்தும். சாலையின் கனத்துக்கும் ஆஸ்பத்திரி கொள்முதலுக்கும் பொருந்தாது.

டெல்லிக்காகக் காத்திராமல் கேரளமும் தமிழ்நாடும் ஓர் அரசாணையில் செய்யக்கூடியது, மனுவையும் பெயரையும் பிரிப்பது. ஊழல் பற்றிய எந்த மனுவிலும் புகார்தாரரின் விவரம் தனித்தாளில் இருக்கட்டும். அந்தத் தாள் உறையிலிடப்பட்டு மாவட்ட அளவில் ஒரே அலுவலரிடம் தங்கட்டும். கீழே போவது எண் மட்டும். உறையைத் திறந்தால் யார், எந்த நாளில், எதற்காகத் திறந்தார் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் கசிந்தால் அந்தப் பதிவேட்டிலிருந்து விசாரணை தொடங்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதற்கும் சட்டமாகவே ஆக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். இதன் பலன் வழக்கு நடக்கும்போதுதான் கிடைக்கிறது. மணல், குவாரி, கழிவு, ஒப்பந்தம் ஆகியவை பற்றிப் புகார் கொடுத்த நாளிலிருந்தே கிடைக்கும்படி இரு மாநிலங்களும் விதி செய்ய வேண்டும். முறப்பநாட்டில் இருந்தது பன்னிரண்டு நாள். ஐந்து வேலை நாளில் அறிக்கை வந்திருந்தால்கூடக் கொலைக்கு முன் சில நாட்கள் மிச்சம் இருந்திருக்கும்.

புகார் கொடுத்த ஊழியரை இரண்டு ஆண்டுக்குள் இடமாற்றவோ இடைநீக்கம் செய்யவோ வேண்டுமென்றால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தின் தலையில் இருக்க வேண்டும். எல்லைப் பகுதிக்கென்று திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர்கள் சேர்ந்து ஒரு பொதுப் பதிவெண் முறையை வைத்துக்கொள்ளலாம். களியக்காவிளையில் கொடுத்தாலும் பாறசாலையில் கொடுத்தாலும் அதே எண், இரு பக்கத்துக்கும் கூட்டுப் பொறுப்பு, தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம்.

பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வேறு வழியில்லாமல் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தண்டனை இல்லை. எட்டாவது நாள் போனால் அவரும் குற்றவாளிதான். கேரள ஊழல் தடுப்புப் பிரிவின் கட்டணமில்லா எண் 1064. நெடுஞ்சாலை, பொதுத்துறை வங்கி போன்றவை பற்றிய புகார் என்றால் ஒட்டிய உறைதான் பாதுகாப்பு. அதை அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போட்டுவிட்டால் ஆணையம் காத்து என்ன பயன்? இந்த விவரங்கள் அடங்கிய பலகை ஒன்று, தமிழிலும் மலையாளத்திலும், காரோடு உட்பட எல்லைப் பகுதியின் ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ், கூட்டுறவு வங்கி வாசலிலும் தொங்க வேண்டும். அதற்குப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.